முதுகுப்பையுடன் குன்மிங்வரை

கோலாலம்பூரிலிருந்து சீனத்தின் குன்மிங் நகர்வரை இன்று புகையிரதத்திலேயே செல்லலாம். தேசப்படத்தில் அப்பாதை ஒரே கோடாகத் தெரியும். உண்மையில் அது துண்டு துண்டானது. முதுகிலொரு பையுடன் புறப்பட விரும்பும் மாணவ நண்பர்கள், வண்டி எத்தனை மணிக்கு என்று ஆராயுமுன் அத்துண்டுகள் சேருமிடங்களை ஆராய்தல் வேண்டும். பிரயாணி அகப்பட்டுக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

முதலாவது, மலேசிய எல்லையிலுள்ள பாடாங் பெசார். மின்சார வண்டி அங்கே நின்றுவிடும். ஒரே நிலையத்தில் இரு நாட்டதிகாரிகளும் கடவுச்சீட்டைப் பார்ப்பர். பாங்கொக் செல்லும் வண்டி வேறு. தாய்லாந்தின் நேரமும் மலேசிய நேரத்துக்கு ஒரு மணி பிந்தியது. இதனை மறந்து அட்டவணை வகுப்போர் உளர்.

அடுத்தது வியந்தியான். பாங்கொக்கிலிருந்து 2024 ஜூலை முதல் இரவு வண்டியொன்று மேகோங் நதியைக் கடந்து அந்நகரின் கம்சவாத் நிலையம்வரை செல்கிறது. சீனத்துக்கான வண்டியோ மற்றொரு நிலையத்திலிருந்து புறப்படும். கம்சவாத்வரை தண்டவாளம் 1,000 மில்லிமீற்றர் அகலம்; 2021 டிசெம்பரில் திறக்கப்பட்ட லாவோஸ்-சீனப் பாதை 1,435. (நம் நாட்டுப் பாதை 1,676, அகலத்தில் நாமே முந்தியவர்கள், வேகத்தைப் பற்றிப் பேசாதிருப்போம்.) அங்கே ஓரிரவு தங்குதல் விவேகம். அதன்பின் லாவோஸ் மலைகளில் 75 சுரங்கங்கள். ஏறக்குறையப் பாதி வழி இருளிலேயே கழியும். எல்லையில் போத்தென், மோகான் ஆகிய இரு நிலையங்களிலும் மூட்டையோடு இறங்கி ஏறவேண்டும்.

சீன விசா கையிலில்லாதவர் மோகானிலிருந்து திரும்பவேண்டியதே. அதனைக் கொழும்பிலேயே பெற்று, அதிற் குறித்த காலத்திலிருந்து பின்னோக்கி நாட்களைக் கணக்கிடுதல் நன்று. இப்பிரயாணத்துக்கென இரண்டு வருடம் பணம் சேர்த்த நம் பழைய மாணவர் ஒருவருக்குத் தந்தையார் இசைவளிக்கவில்லை. "வழியில் அகப்பட்டால் யார் போய் மீட்பது?" என்கிறார். நியாயமான கேள்வி. குன்மிங்கிலிருந்து திரும்பும் விமானக் கட்டணத்தை முதலிலேயே எடுத்துத் தந்தையார் கையில் ஒப்படைக்குமாறு மாணவருக்குச் சொன்னோம். எஞ்சிய பணத்துக்கு எத்தனை நாள் தாங்குமோ அத்தனை நாளே பிரயாணம்.

நாட்களைக் குறைக்க நேர்ந்தால் எதைக் குறைப்பது? குன்மிங்கிலோ கோலாலம்பூரிலோ ஒரு நாள் குறையலாம். பாங்கொக்குக்கு மேற்கேயுள்ள காஞ்சனபுரியை மட்டும் விடலாகாது. மலாயாப் புகையிரதங்களில் நிலைய அதிபராகவும் எழுதுவினைஞராகவும் இருந்து மீண்ட யாழ்ப்பாணத்துப் பென்சனியர்களை நாம் அறிவோம். ஆனால், மலாயாத் தோட்டங்களிலிருந்து மீளாதோரும் உளர். 1942-43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்குமிடையே 415 கிலோமீற்றர் பாதை அமைத்தபோது, அத்தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் ஆயிரமாயிரமாய் மாண்டனர். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறக்குறைய 7,000 வரிசை வரிசையாக உள்ளன. பெயரும் வயதும் பொறித்த கற்கள். தமிழ்த் தொழிலாளருட் பெரும்பாலோருக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. பாங்கொக்கின் தொன்புரி நிலையத்திலிருந்து அப்பாதையின் எஞ்சிய பகுதியில் இன்றும் வண்டி ஓடுகிறது.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிற் புறப்பட எண்ணுவோர்க்கு ஒரு வார்த்தை: தாய்லாந்திலும் லாவோசிலும் அந்நாட்களில் புத்தாண்டே. இரவு வண்டிப் படுக்கைகள் முன்னரே நிறைந்துவிடும். அம்மா அன்போடு பையில் வைக்கும் மாம்பழக் கத்தியையும், கொசுவுக்குத் தெளிக்கும் டப்பாவையும் வீட்டிலேயே விட்டுச் செல்க. லாவோஸ்-சீனப் பாதையின் நிலையங்களில் அவற்றை வாங்கி வைத்துக்கொள்வர், திருப்பித் தரமாட்டார்கள்.