கனத்த இரும்பு பாரம் இழுக்காது

"மெசினில ஒரு குறையும் இல்லை. பின்னுக்கு நல்ல இரும்பாப் போட்டுத் தந்தா பத்துத் தொன்னும் இழுக்கும்." சீனன்குடாவிலிருந்து தம்பலகாமம் பக்கம் போனாலும் கிண்ணியாப் பக்கம் போனாலும், வழியில் உள்ள ஒட்டுப் பட்டறைகளில் இந்தப் பேச்சு காதில் விழும். பேசுகிறவரிடம் மசி பெர்குசன் 35 அல்லது 135 டிராக்டர் நிற்கும். ஒட்டுக்காரரும் மறுபேச்சில்லாமல் ஒரு தண்டவாளத் துண்டையோ பழைய லொறியின் ஸ்பிரிங் பிளேட்டையோ எடுத்து, பெட்டி கொழுவும் டிரோபாரின் மேல் வைத்து ஒட்டிக் கொடுப்பார். கறுப்புப் பெயின்ற் அடித்தால் பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். அடுத்த நாளே பெட்டியில் மணல் இரண்டு மடங்காக ஏறும்.

டிரோபார் எவ்வளவு கனமோ அவ்வளவு இழுக்கும் என்பது வெறும் நம்பிக்கை. எங்கள் மாவட்டத்தில் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை, ஏனென்றால் கண்முன்னே சாட்சி நிற்கிறது. 1930களை ஒட்டி வெள்ளைக்காரன் கட்டிய சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் பெரும்பாலானவை 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானியர் போட்ட குண்டுக்கும் தப்பி, காட்டுக்குள் இன்றும் நிற்கின்றன. "அந்தக் காலத்து இரும்பு" என்று சொல்லும்போது எங்கள் ஆட்களின் கை அந்தப் பக்கம்தான் நீளும். ஆனால் தாங்கியின் வேலை ஒரே இடத்தில் நின்று சுமப்பது. டிரோபார் ஒவ்வொரு கிளச்சுக்கும், ஒவ்வொரு குழிக்கும் வெட்டி வெட்டி இழுபடுகிறது. இரும்பு அந்த வெட்டுகளையெல்லாம் கணக்கு வைத்திருக்கும். அறுபது வருடம் வயலில் உழைத்த இரும்பு புதிய இரும்பைவிடக் களைத்த இரும்பு.

கணக்கைப் பார்ப்போம். 60 மில்லிமீற்றர் அகலமும் 25 மில்லிமீற்றர் கனமும் உள்ள சாதாரண மென்னிரும்புப் பட்டையை நேராக இழுத்தால், அது நீளத் தொடங்குவதற்கே ஏறக்குறைய 37 தொன் இழுவை வேண்டும். ஆணித் துளை போட்ட இடத்தில் அது 20 தொன்னாகக் குறையும். 135இன் முழு எடையே ஒன்றரைத் தொன் அளவு. பின் சில்லுகளில் நிற்பது அதில் ஒரு தொன். டயர் தரையைப் பிடிக்கிற அளவுக்குத்தான் மெசின் இழுக்கும். உலர்ந்த கிரவலில் அந்தப் பிடி பின்சில்லில் நிற்கும் எடையில் ஏறக்குறையப் பாதி. ஆக, 20 தொன் தாங்கும் பட்டையை முக்கால் தொன்கூட இழுக்க முடியாத மெசினுக்காகப் பலப்படுத்துகிறோம்.

சமதரைத் தார் வீதியில் பத்துத் தொன் பெட்டியை உருட்ட 200 கிலோ இழுவை போதும். அதற்குப் பழைய டிரோபாரே தாராளம். உவர்மலை போன்ற ஏற்றத்தில், பத்துக்கு ஒன்று சரிவென்று வைத்துக்கொண்டால், அதே பெட்டி 1,200 கிலோ கேட்கும். மெசின் தன்னையே மேலே தூக்க இன்னொரு 180 கிலோ வேண்டும். தாரிலும் சில்லு அங்கே சுற்றும். சமதரைக்குப் புது இரும்பு தேவையில்லை, ஏற்றத்தில் எந்த இரும்பும் உதவாது. ரயில்காரர்களுக்கு இது பழைய பாடம். 1954இல் கனடாவிலிருந்து வரத் தொடங்கிய எம்2 எஞ்சின்கள் ஏறக்குறைய 80 தொன் எடை. சில்லு வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவத்தான் வழி வைத்திருக்கிறார்கள். கொழுக்கியை யாரும் தடிப்பாக்கவில்லை.

"அப்படியென்றால் என்னுடைய டிரோபார் ஏன் வளைந்தது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அது இழுத்து வளையவில்லை, மேலிருந்து அமுக்கி வளைந்தது. இரண்டு சில்லுப் பெட்டியில் சுமையின் ஒரு பங்கு டிரோபாரின் நுனியில் இறங்குகிறது. பெட்டி திரும்ப இடம் வேண்டுமென்று பட்டையை ஒரு சாண் நீட்டி ஒட்டியிருப்பார்கள். அந்த ஒரு சாண் நெம்புகோலாகிவிடும். ஆணித் துளையைக் குனிந்து பாருங்கள். வட்டமாக இருந்தது முட்டை வடிவில் தேய்ந்திருக்கும். ஆணி அதற்குள் விரல் கனத்துக்கு ஆடும். கிளச்சை விடும்போதெல்லாம் பெட்டியின் முழுப் பாரமும் அந்த இடைவெளியைத் தாண்டி வந்து சம்மட்டி போல் அடிக்கிறது. துளைக்குப் புஷ் போட்டு, அளவான ஆணி கடைந்து போட்டால் தீருகிற நோய் இது. அதற்குத் தண்டவாளத் துண்டை ஒட்டுவது வைத்தியமே இல்லை.

ஒட்டிய துண்டும் நம்பிக்கைக்குரியதல்ல. தண்டவாளமும் ஸ்பிரிங் பிளேட்டும் கரி அதிகமுள்ள உருக்கு. முன்கூட்டிச் சூடாக்காமல் ஒட்டினால், ஒட்டின் ஓரம் கண்ணாடி மாதிரி இறுகி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும். ஒருவேளை ஒட்டு நின்றுவிட்டதென்றால் கதை இன்னும் மோசம். பெர்குசன் வழிவந்த மெசினுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. எஞ்சின், கியர்பெட்டி, பின்அச்சுக் கூடு எல்லாம் வார்ப்பிரும்பு. ஒன்றோடொன்று போல்ட் பூட்டி அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. டிரோபார் வளைந்தபோது அடியை அது வாங்கிக்கொண்டது. அது வளைய மறுத்தால் அடுத்து உடைவது கூட்டின் காதும் போல்ட்டும். அந்தக் கூட்டை ஒட்டித் தர அந்த ஒட்டுக்காரரே தயங்குவார்.

இந்த மெசினின் பரம்பரையைத் தொடங்கிய ஹாரி பெர்குசனுக்கு இரும்பின் அருமை தெரியாமலில்லை. 1920களில் போர்ட்சன் டிராக்டர்கள் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ்ந்து ஓட்டுநர்களைக் கொன்றுகொண்டிருந்த காலத்தில்தான் அவர் மூன்று முனை இணைப்பை உருவாக்கினார். 1946 முதல் 1956 வரை கொவென்றியில் செய்யப்பட்ட அவருடைய சிறிய டிஇ20, ஏறக்குறைய ஒரு தொன் எடைதான். அதற்கு மூன்று தொன் பெட்டி விற்றார்கள். எப்படி முடிந்தது? பெட்டியின் அச்சைப் பின்னுக்குத் தள்ளி வைத்தார். சுமையின் ஒரு பங்கு மெசினின் பின்சில்லில் வந்து உட்கார்ந்தது. கொழுக்கியைத் தாழ்வாக, அச்சுக்கு எட்டிய தூரத்தில் வைத்தார். பாரம் ஏற ஏறப் பிடியும் ஏறியது. அந்த மூளையை எடுத்துவிட்டு நாங்கள் தண்டவாளத்தை வைக்கிறோம்.

கொழுக்கியின் உயரத்தில்தான் உயிர் போகிறது. இருக்கிற பட்டைக்கு மேல் துண்டு வைத்து ஒட்டும்போது பெட்டி கொழுவும் இடம் நாலு விரல் உயரும். சேற்றில் புதைந்த பெட்டியை இழுக்க அதுவும் போதாதென்று, மேல்கம்பி பூட்டுகிற இடத்தில் சங்கிலி போடுகிறவர்களும் உண்டு. கொழுக்கி தாழ்வாக இருக்கும்வரை சில்லு சுற்றி மெசின் தப்பும். இழுவை அச்சுக்கு மேலே போனால் முன்பக்கம் எழும். முன்சில்லில் நிற்பது அரைத் தொன் சொச்சந்தான். பின்சில்லும் சேற்றில் இறுகிவிட்டால் சுற்ற முடியாத சில்லை வைத்துக்கொண்டு மெசினே அச்சைச் சுற்றத் தொடங்கும். முழுதாகக் கவிழ ஒன்றரை விநாடி போதும். கிளச்சை மிதிக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய மெசின்களின் விலை ஏறியதும் மக்கள் அவற்றை விட மனமில்லாமல் வைத்திருப்பதும் எனக்குப் புரிகிறது. இடம்பெயர்ந்த நாட்களில் குடும்பத்தையும் நெல் மூட்டையையும் ஒன்றாக ஏற்றிப் போன பெட்டிகள் இவை. அந்த நன்றியை யாரும் குறை சொல்ல முடியாது. அதே பெட்டியில் இன்று ஐந்து தொன் மணல் ஏற்றுவதற்கு மட்டும் நன்றி காரணமாகாது.

இழுப்பதைப் பற்றியே பேசுகிறவர்கள் நிறுத்துவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. 135க்குப் பிரேக் பின் இரண்டு சில்லுக்கும் மட்டும். எங்கள் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. இறக்கத்தில் ஐந்து தொன் பெட்டி ஒன்றரைத் தொன் மெசினைத் தள்ளும்போது பலப்படுத்திய டிரோபார் வளையாமல் அந்தத் தள்ளை முழுதாகக் கடத்தும். மெசின் குறுக்கே மடங்கும். பட்டறைக்குக் கொண்டுபோகிற காசைப் பெட்டிக்குப் பிரேக் பூட்டச் செலவழியுங்கள். பின்டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புங்கள், ஒரு டயருக்கே நூறு கிலோவுக்கு மேல் எடை கூடும். பாரத்தைப் பெட்டியின் முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாக அடுக்குங்கள். அதற்கு மேலும் இழுக்க வேண்டுமென்றால் சீனன்குடாவின் மா ஆலை, சீமெந்து ஆலை வாசல்களில் எத்தனையோ லொறிகள் நிற்கின்றன. ஒன்றை வாடகைக்குப் பிடியுங்கள்.