பேசாத துணைக்கோளம்

“தஞ்சோங் ரம்புத்தான்” என்றாலே நம்மில் பலருக்குச் சிரிப்பு வந்துவிடும். 1911இல் இங்கே மனநல மருத்துவமனை திறந்ததிலிருந்து, கொஞ்சம் வித்தியாசமாக நடப்பவரை எல்லாம் வாயாலேயே இந்த ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். இந்த ஊர்த் திடலில் ஒருவர் மீன்முள் போன்ற ஏரியலை வானத்தை நோக்கிப் பிடித்தபடி நின்றால் என்ன சொல்வார்கள்? சொல்லட்டும். அவர் துணைக்கோளம் ஒன்றைப் பின்தொடர்கிறார்.

வானொலியில் பேசுவதே என் பிழைப்பு. அதனால்தானோ என்னவோ, எனக்குப் பிடித்தது ‘ஹாம்சாட்’. 2005 மே 5ஆம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்திலிருந்து முதன்முதலாகக் கிளம்பிய ராக்கெட்டில், கார்ட்டோசாட்-1 என்ற பெரிய பயணியோடு போன சின்னப் பயணி இது. எடை 42.5 கிலோ. உலகெங்கும் உள்ள அமெச்சூர் வானொலிக்காரர்கள் கட்டணமின்றிப் பேசிக்கொள்ள இந்தியா கொடுத்த பரிசு. அதிலிருந்த இரண்டு கருவிகளில் ஒன்றை இந்தியர்கள் செய்தார்கள். இன்னொன்றைச் செய்தவர் நெதர்லாந்து மாணவர் ஒருவர்.

அது போனது சூரிய ஒத்திசைவுச் சுற்றுப்பாதை. நம் பூமி நடுவில் கொஞ்சம் பருத்தது. அந்தப் பருமன் இழுப்பதால் துணைக்கோளத்தின் பாதை தினமும் ஏறக்குறைய ஒரு பாகை திரும்புகிறது. சூரியனைச் சுற்றும் பூமியும் தினமும் ஏறக்குறைய அவ்வளவுதான் நகர்கிறது. கணக்கு சரியாகிவிடுகிறது! அதனால் எந்த ஊரைக் கடந்தாலும் ஏறக்குறைய ஒரே சூரிய நேரம்தான். ஏவிய காலத்தில் ஹாம்சாட்டுக்கு அது காலை பத்தரை வாக்கு, பிறகு இரவு பத்தரை வாக்கு. நம் கடிகாரமோ சூரியனை விட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுவது. ஆகவே, பேராக்கில் அது நண்பகலை நெருங்கும் நேரம்.

துருவத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு நாளின் பதினான்கு சுற்றுகளும் கேட்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நமக்குப் பகலில் இரண்டு, இரவில் இரண்டுதான். தலைக்கு மேலே வந்தாலும் பதின்மூன்று நிமிடத்தில் மறைந்துவிடும். நெருங்கும் ரயிலின் ஊதல் உயர்ந்து, கடந்ததும் தாழ்வது போல, அலைவரிசையும் மேலும் கீழுமாகச் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் வீதம் நகரும். கேட்பவர் ஏரியலையும் திருப்ப வேண்டும், குமிழையும் திருப்ப வேண்டும்.

2014 ஜூலையில் பேட்டரி பழுதாகி ஹாம்சாட் பேச்சை நிறுத்தியது. ஆனால் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

முடிந்த கதை என்கிறீர்களா? 1974இல் ஏவிய ‘ஆஸ்கார்-7’ம் பேட்டரி பழுதாகி 1981இல் அடங்கிப்போனது. 2002இல், இருபத்தோரு வருடம் கழித்து, திடீரென்று அதன் குரல் கேட்டது. செத்த பேட்டரியின் இணைப்பு தானாகவே அறுந்துபோக, சூரியத் தகடுகளின் மின்சாரம் நேராகக் கருவிக்குப் போயிருக்கிறது. வெயில் படும்வரை பேசும், நிழலில் மௌனமாகிவிடும். காது கொடுக்க யாரோ ஒருவர் இருந்ததால்தான் அது உலகத்துக்குத் தெரிந்தது.

விடுமுறையில் பிள்ளைகளோடு முயன்று பாருங்கள். தையல்காரர் நாடா போல் வளையும் இரும்பு அளவு நாடாவில் ஏரியல் செய்யலாம். கணினியில் செருகும் சின்ன ரிசீவரும், கடக்கும் நேரத்தைச் சொல்லும் இலவசச் செயலியும் போதும். பதில் பேசத்தான் உரிமம் வேண்டும்.

இன்னொன்று. பேசாமல் போனவர்களையும் நாம் சீக்கிரம் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம். இந்த ஊர் மருத்துவமனைக்கு வாராவாரம் சோறு கட்டிக்கொண்டு வரும் உறவுகளைக் கேட்டால் சொல்வார்கள்: எந்த நாளில் குரல் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?