ஜிம்முக்கு என்ன பாட்டு? கூட்ட வேண்டியது சத்தத்தை அல்ல!

காலை 6 மணி. டிரெட்மில்லில் ஏறியாச்சு. கால் இன்னும் நகரவில்லை, விரல் மட்டும் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது. அனிருத்தா, ரஹ்மானா, இல்லை பழைய தேவா குத்துப்பாட்டா? இதிலேயே ஐந்து நிமிடம் போய்விடும். கடைசியில் டிரெண்டிங்கில் இருக்கும் ஏதோ ஒரு ‘மாஸ்’ பாட்டைப் போட்டு, வால்யூமை முழுசாக ஏற்றிவிட்டு ஓடத் தொடங்குவார்கள். மேலே ஜிம் ஸ்பீக்கர் வேறு தன் பங்குக்கு அலறும்.

பாட்டு கேட்டுக்கொண்டே உடற்பயிற்சி செய்வது நல்ல பழக்கம்தான். சறுக்கல் தேர்வில்தான் இருக்கிறது. பயிற்சிக்குக் கைகொடுப்பது பாட்டின் தாளம். பெரும்பாலானோர் கூட்டுவதோ சத்தத்தை.

பாட்டு என்ன செய்கிறது?

மூச்சு வாங்குகிறது, தொடை வலிக்கிறது என்று பயிற்சியின்போது உடல் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பாட்டு அந்தக் கவனத்தில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்கிறது. அதே உழைப்பு கொஞ்சம் லேசாகத் தெரிகிறது. லண்டன் புரூனல் பல்கலைக்கழகப் பேராசிரியர் காஸ்டஸ் காராஜார்ஜிஸ் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் விஷயம் இது. மிதமான பயிற்சியில், உணரும் களைப்பு சுமார் 10 சதவீதம் குறையலாம் என்கிறார் அவர்.

ஆனால், மூச்சு முட்டும் வேகத்துக்குப் போய்விட்டால் இந்த வித்தை பலிக்காது. அப்போது உடலின் குரல் பாட்டை அமுக்கிவிடும். மனசு வேண்டுமானால் கொஞ்சம் உற்சாகமாக இருக்கும், களைப்பு குறையாது.

தாளத்துக்கு ஒரு அடி

எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசி, 1998-ல் பர்மிங்ஹாமில் உள்ளரங்க 2,000 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை படைத்தார். அப்போது அரங்கில் ஒலித்தது ‘ஸ்காட்மேன்’ பாட்டு. அதன் தாளத்துக்கு ஏற்ப அடி வைத்து ஓடினார். 2007-ல் அமெரிக்கத் தடகள அமைப்பு, போட்டிகளில் இயர்போனுக்கே தடை போட்டது. பாதுகாப்பு ஒரு காரணம். பாட்டு கேட்பவருக்குக் கூடுதல் அனுகூலம் கிடைத்துவிடும் என்பது இன்னொரு காரணம். அடுத்த ஆண்டு, பரிசுக்காக ஓடாத சாதாரண ஓட்டக்காரர்களுக்கு விதி தளர்ந்தது.

இதெல்லாம் நம் ஊருக்குப் புதுசும் இல்லை. ஏற்றம் இறைத்தவர்கள் ஏற்றப்பாட்டு பாடினார்கள். வேகம் சீராக இருந்தது, எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் தப்பவில்லை. வேலைக்கு ஏற்ற பாட்டை அவர்கள் வைத்திருந்தார்கள். இன்று நாம் ஏதோ ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, உடம்பு அதற்கு ஈடுகொடுக்கும் என்று நம்புகிறோம்.

எப்படித் தேர்வு செய்வது?

பாட்டைப் போட்டுக் காலால் தாளம் தட்டுங்கள். 15 விநாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். அதுதான் ஒரு நிமிடத்துக்கான பீட். பெரும்பாலான பயிற்சிகளுக்கு 120 முதல் 140 வரை பொருந்தும். நிமிடத்துக்கு 160 அடி வைத்து ஓடுபவர், 80 பீட் பாட்டுக்கும் ஓடலாம். இரண்டு அடிக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான்.

நம் சினிமாப் பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஹம்மிங்கில் மெதுவாகத் தொடங்கும், நடுவில் திடீரென அடங்கும், மறுபடி வெடிக்கும். தியேட்டரில் சிலிர்க்கும். டிரெட்மில்லில் கால் தடுமாறும். முதல் வரியிலிருந்து கடைசி வரை ஒரே தாளத்தில் போகும் பாட்டுதான் ஓட்டத்துக்குச் சரி. அது யாருக்கும் தெரியாத பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை, உங்களுக்குப் பிடித்தால் போதும்.

ப்ளேலிஸ்ட்டை முந்தைய இரவே அடுக்கிவிடுங்கள். வார்ம்-அப்புக்கு நிதானமான பாட்டு. மிகப் பிடித்த பாட்டை முதலிலேயே செலவழிக்க வேண்டாம், ‘போதும்டா சாமி’ என்று தோன்றும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வையுங்கள்.

காதுக்கு யார் பொறுப்பு?

‘சத்தமா இருந்தாதான் மூடு வரும்’ என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் விலை பெரிது. 80 டெசிபல் சத்தத்தை வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 90 டெசிபல் அலறும் ஜிம்மில் வாரம் ஐந்து நாள், தினம் ஒரு மணி நேரம் இருந்தாலே வரம்பு தாண்டிவிடும். ஸ்பீக்கரை மீறிக் கேட்க இயர்போனைக் கூட்டினால் கேட்கவே வேண்டாம். தசை வலி இரண்டு நாளில் போய்விடும். உட்செவியில் செத்துப்போன நுண்ணிய செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

உறுப்பினருக்காவது ஒரு மணி நேரம். அதே ஸ்பீக்கருக்கு அடியில் நாள் முழுக்க நிற்கும் டிரெய்னரின் கதி? பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். குறைக்கச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். மாதக் கட்டணம் கட்டுபவருக்கு அந்த உரிமை உண்டு. சாலையில் ஓடுபவர்கள் ஒரு காதையாவது திறந்து வைக்க வேண்டும், பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனும் கேட்க வேண்டிய சத்தம்தான்.

நாளைக் காலை வால்யூமை இரண்டு புள்ளி குறைத்துவிட்டு, தாளத்துக்குக் காலை வைத்துப் பாருங்கள். ஓட்டம் குறையாது.