கழுத்திருவுக்கு ஏது பில்?

நகைக்கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. நம் பக்கத்தில் அரசியலே பேசாதவர்கள்கூட அந்த இரண்டு மாதம் அதைத்தான் பேசினார்கள். பீரோவுக்குள் இருக்கிற நகையைப் பற்றிய விதி ஆயிற்றே, எப்படிப் பேசாமல் இருப்பார்கள்?

வரைவில் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடகு வைப்பவருக்குத்தான் நகை சொந்தம் என்பதை வங்கி சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும். பில் இல்லாவிட்டால், சொந்தம் என்று எப்படித் தெரிந்துகொண்டோம் என்று எழுதி வைக்க வேண்டும். கடனைத் திருப்பிக் கட்டும் சக்தி உண்டா என்று பார்க்க வேண்டும். வாங்கிய பணம் எதற்குச் செலவானது என்றும் கவனிக்க வேண்டும்.

நம் வீடுகளில் பில்லோடு இருக்கும் நகை எத்தனை? ஆச்சிமார் கழுத்திருவுக்கு யாரிடம் பில் இருக்கிறது? பாட்டி நகையை உருக்கி ஆசாரி செய்து கொடுத்தது, அதற்கு முன் அது வேறொரு பாட்டியின் நகை. நகரத்தார் வீடு என்றில்லை. கூலிக்குப் போகிற பெண்ணின் காதில் கிடக்கும் அரைப் பவுன் தோட்டுக்கும் இதே கதைதான். தங்கம் நம் பெண்களின் பெயரில் பட்டா இல்லாமல் இருக்கும் சொத்து. அவர்கள் யாரையும் கேட்காமல் பணமாக்க முடிந்த ஒரே சொத்தும் அநேகமாக அதுதான்.

எதிர்ப்பு வந்தது. மே மாதக் கடைசியில் முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மத்திய நிதி அமைச்சகமே சிறு கடன்காரர்களை விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னது. ஜூன் 6 அன்று இறுதி விதி வந்தது. 2.5 லட்சம் ரூபாய் வரை கடன் என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம், வருமான ஆராய்ச்சி தேவையில்லை. 5 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். பில் இல்லாவிட்டால் நாமே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும். 2026 ஏப்ரல் 1க்குள் எல்லோரும் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு. ஓரளவு நிம்மதிதான். ஆனால் அந்த வரைவை எழுத வைத்த எண்ணம் பழையது, அது அவ்வளவு சீக்கிரம் போகாது.

என் வயதுக்காரர்களுக்கு 1963 நினைவிருக்கும். மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்து கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாடு. புது நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக்கூடாது. ஜனங்கள் தங்க ஆசையை விட்டுவிட வேண்டும் என்று டெல்லி தீர்மானித்தது. ஜனங்கள் விடவில்லை. பட்டறையில் நெருப்பு அணைந்தது ஆசாரிகளுக்குத்தான். தொழில் போய் உயிரை விட்டவர்களும் உண்டு. கடத்தல்காரர்கள் கொழுத்தார்கள். 1968இல் அதையே சட்டமாக்கி, கட்டியும் காசும் வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்றார்கள். 1990இல்தான் சட்டம் ஒழிந்தது. ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சி ஆரம்பித்தபோது ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்றாரே, அதை நகைப்பெட்டி வரை கொண்டுவந்து காட்டியது இந்தச் சட்டம்.

வட்டிக்குக் கொடுத்து வாழ்ந்த சீமைக்காரன் வேறென்ன சொல்வான் என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். அடமானப் பொருளின் விலை விழுந்தால் என்ன ஆகும் என்பதும் இந்தச் சீமைக்குத்தான் நன்றாகத் தெரியும். 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938இல் அது 25 சதவீதம். நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, கேட்காத நிலம் வந்து சேர்ந்தது. பின்னால் யுத்தம், 1948இல் நில தேசியமயச் சட்டம். நிலமும் போயிற்று, கொடுத்த பணமும் போயிற்று. அதனால், நகை மதிப்பில் இத்தனை சதவீதத்துக்கு மேல் கொடுக்காதே என்று ரிசர்வ் வங்கி சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். வங்கியில் கிடப்பது நம் டெபாசிட்.

இறுதி விதியில் எனக்குப் பிடித்த பகுதியும் உண்டு. எடை போடும்போது கடன்காரர் கூட இருக்க வேண்டும். கடன் தீர்ந்தால் அன்றைக்கே, அல்லது அதிகபட்சம் 7 வேலை நாளுக்குள் நகையைத் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் கடன்காரருக்குக் கொடுக்க வேண்டும். சட்டம் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். நகையை வாங்கி வைத்துக்கொள்பவனைக் கேள்வி கேட்கட்டும். வைப்பவள் எதற்காக வைக்கிறாள் என்பது அவள் விஷயம். ஆவணியில் விதைப்புக்கோ, பேத்தி காலேஜுக்கோ, மகன் குடித்துத் தீர்த்த கடனுக்கோ, நகை அவளுடையது.

காப்பாற்றப் போய்க் கெடுத்ததற்கு நல்ல உதாரணம் மறுஅடகு. 2024 செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி, நகைக்கடனில் நடக்கும் முறைகேடுகளைச் சுட்டி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதன் பிறகு பல வங்கிகள், வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டன. முதலையும் வட்டியையும் முழுதாகக் கட்டி நகையைத் திருப்பு, பிறகு மறுபடி வை என்றார்கள். முழுப் பணம் கையில் இருந்தால் அவள் ஏன் வங்கி வாசலில் நிற்கிறாள்? ஆகவே அந்த ஒரு நாளுக்கு வெளியே கைமாற்று. அந்த ஒரு நாளைக்கும் ஒரு வட்டி. வங்கி ஏட்டில் கடன் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது, பெண்ணின் கடன் கூடிவிட்டது. இறுதி விதியில் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க மறுபடி வழி விட்டிருக்கிறார்கள்.

கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்தபோதும் இருந்தது. கந்துவட்டிக்காரனிடம் போகாமல் ஒருவரைத் தடுப்பது, பக்கத்திலேயே நியாயமான வட்டிக்கு ஒரு வாசல் திறந்திருப்பதுதான். அந்த வாசலில் ஒரு பாரம் கூடினால், நாலு பேர் இருட்டுச் சந்துக்குத் திரும்புவார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. அந்த 2.5 லட்சம் என்ற வரம்பு ரூபாயில் இருக்கிறது. விதி வந்தபோது பவுன் சுமார் 72,000. 85 சதவீதக் கணக்கில் ஏறக்குறைய நாலு பவுன் நகையின் முழு மதிப்புக்கும் கேள்வி இல்லாமல் கடன் கிடைக்கும். பவுன் ஒரு லட்சம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று பவுனுக்கே வரம்பு முடிந்துவிடுகிறது. ஒருவர் அதிகபட்சம் ஒரு கிலோ நகை வரைதான் அடகு வைக்கலாம் என்று அதே விதியில் எடையில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, இதையும் கிராமில் எழுதத் தெரியாதா?