விசா விண்ணப்பமும் புதிய கங்காணியும்

ஒரு சமூகம் தன் காலில் நிற்கின்றதா, பிறர் தோளில் தொங்குகின்றதா என்பதை அறிய அதன் மாநாட்டுத் தீர்மானங்களைப் படிக்க வேண்டுவதில்லை. அச்சமூகத்தார் ஒரு விண்ணப்பத்தை எவ்வாறு எழுதுகின்றனர் என்பதைக் கவனித்தாலே போதும். இஃது அற்ப விஷயமென்று நகைப்போர் நகைக்கட்டும். கங்காணியும் நம் பாட்டன்மாரிடம் அற்ப விஷயமாகத்தான் வந்தான். கப்பற் சீட்டு, சிறிது முன்பணம், ஒரு கைரேகை. அவ்வளவே அவன் கேட்டது. அந்தக் கைரேகையின் விலை யாது என்பது கப்பல் கரை சேர்ந்த பின்னரே அவர்களுக்கு விளங்கிற்று.

நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும், சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ், ரந்தாவ், தம்பின் முதலிய நகரங்களிலும் வாழும் நம் மக்கள் தமிழ்நாட்டுக்குச் செல்வதை "ஊருக்குப் போதல்" என்றே இன்றும் சொல்லுகின்றனர். பிறந்தது இந்நாட்டில், குடியுரிமை இந்நாட்டில், உழைத்ததும் இந்நாட்டில். ஆயினும் பாட்டன் ஊரைக் காணவும், உறவினர் திருமணத்திற்கும், பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும், பட்டுப்புடவை வாங்கவும் போகின்றனர். போவதில் பிழையொன்றுமில்லை. போகும் முன்னர் இணையத்தின் வழியே பெறவேண்டிய சுற்றுலா விசாவை அவர்கள் எவ்வாறு பெறுகின்றனர் என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

ஒரு காலத்தில் இவ்வழியில் விசா என்னும் பேச்சே கிடையாது. 1907-ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டபின், கங்காணி திரட்டிய ஆட்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினர். தான் கொணர்ந்த ஆள் வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகளின் குடியேற்றத்தைத் தடுத்தது. 1953-இல் மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் இப்புறத்துக் கதவையும் ஒடுக்கியது. 1926-இல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' கப்பல் 1973-இல் நின்றது. அதன்பின் வந்த 'சிதம்பரம்' 1985-ஆம் ஆண்டுத் தீ விபத்தோடு முடிந்தது. இன்று கப்பலுமில்லை, கங்காணியுமில்லை என்று நாம் மகிழ்கின்றோம். கப்பல் இல்லை என்பது உண்மை. கங்காணி இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள இயலாது.

இந்திய அரசாங்கம் 2014 நவம்பர் 27-இல் இணைய விசா முறையைத் தொடங்கிற்று. 2015 ஆகஸ்ட்டில் மலேசியரும் அதில் சேர்க்கப்பட்டனர். அதற்கு முன்னர் பகாவ்த் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் விசாவுக்காக ஒரு நாட்கூலியை இழந்து கோலாலம்பூருக்குப் பேருந்து ஏற வேண்டியிருந்தது. இப்பொழுது அவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே விண்ணப்பம் செய்யலாம்.

அவ்விண்ணப்பத்தில் கேட்கப்படுவன யாவை? பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், கடப்பிதழ் எண், அது வழங்கப்பட்ட நாளும் காலாவதி நாளும், தாய் தந்தையர் பெயர், தொழில், முகவரி, இந்தியாவில் ஒருவர் விவரம், சொந்த நாட்டில் ஒருவர் விவரம். வெளிர்நிறப் பின்னணியில் எடுத்த சதுரப் படம் ஒன்றும், கடப்பிதழின் படப்பக்க நகலும் இணைக்க வேண்டும். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். அப்படிவம் மதத்தைக் கேட்கின்றது, சாதியைக் கேட்கவில்லை. கல்யாணத் தரகர் கேட்பதைவிட விசாப் படிவம் கேட்பது குறைவு என்று துணிந்து சொல்லலாம்!

இவற்றுள் ஒருவருக்குத் தம்மைப் பற்றித் தெரியாதது எது? தம் தாயின் பெயரைத் தரகரிடம் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்? ஆனால் நடப்பது யாது? குடும்பத்திலுள்ள ஐந்து கடப்பிதழ்களையும் ஓர் உறையிலிட்டு, கைப்பேசி விற்கும் கடையிலோ நகலெடுக்கும் கடையிலோ "விசா எடுத்துத் தரப்படும்" என்று பலகை மாட்டியிருப்பவரிடம் கொடுத்துவிட்டு வருகின்றனர். அவர் கேட்பதைக் கொடுக்கின்றனர். அரசாங்கக் கட்டணம் எவ்வளவு, அவருடைய கூலி எவ்வளவு என்று கேட்போர் அரியர். ரசீது கேட்போர் அதனினும் அரியர். 2024 ஜூலை முதல் ஓராண்டுக் காலத்திற்கு இந்தியா மலேசியருக்கு 30 நாள் சுற்றுலா விசாவைக் கட்டணமின்றி வழங்கியது. அரசாங்கம் தன் கட்டணத்தைத் தள்ளலாம். தரகர் தம் கூலியைத் தள்ளுவாரா? தம் கையால் எழுதியவருக்கே அச்சலுகை முழுச் சலுகையாயிற்று.

பணம் போவதோடு நின்றால் நாம் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. அதனினும் பெரிய கேடுகள் மூன்று உண்டு.

முதலாவது, பிழை. இணைய விசா கடப்பிதழ் எண்ணோடு கட்டப்பட்டது. ஓர் இலக்கம் மாறினால் அவ்விசா அவருக்குரியதன்று. நம்மவர் பெயரில் வரும் "அ/லெ", "அ/பெ" என்னும் குறிப்புகள் வேறு தொல்லை தருவன. நமக்குக் குடும்பப்பெயர் என்பதே கிடையாது. படிவமோ குடும்பப்பெயர், இடுபெயர் என இரண்டு கட்டங்களை வைத்திருக்கின்றது. கடப்பிதழைக் கையில் வைத்து ஓர் எழுத்தும் மாறாமல் நிதானமாக எழுதவேண்டிய இடம் இது. நாளொன்றுக்கு நாற்பது விண்ணப்பம் தட்டும் தரகருக்கு அந்த நிதானம் வருமா? பிழை வெளிப்படுவது விமான நிலையத்தில். அங்கே திருப்பி அனுப்பப்படுபவர் தரகரல்லர். செலுத்திய கட்டணமோ விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது.

இரண்டாவது, பொய். முன்னர் விசா மறுக்கப்பட்டதுண்டா, வழக்கு உண்டா என்பன போன்ற கேள்விகளுக்கு விண்ணப்பதாரர் உறுதிமொழியோடு விடை தரவேண்டும். தரகர் எதையும் கேளாமல் எல்லாவற்றிற்கும் "இல்லை" என்று தட்டிவிடுகின்றார். சென்னை மருத்துவமனையில் சிகிச்சைக்குச் செல்பவருக்கும், திருப்பூரில் சரக்கெடுக்கச் செல்பவருக்கும் சுற்றுலா என்றே எழுதிவிடுகின்றார். சிகிச்சைக்குத் தனிப் பிரிவும் வணிகத்திற்குத் தனிப் பிரிவும் உண்டென்பதை அவர் அறியார், அறிந்தாலும் சொல்லார். எழுதியது தரகரின் விரல். பொறுப்போ நம் தலைமேல். பாட்டன் வைத்த கைரேகைக்கும் பேரன் படிக்காமல் ஒப்பும் உறுதிமொழிக்கும் வேற்றுமை என்ன?

மூன்றாவது, களவு. அரசாங்கத் தளத்தைப் போலவே சின்னமும் கொடியும் பொறித்த போலித் தளங்கள் பல உலவுகின்றன. இந்திய அரசாங்கமே இதனை எச்சரித்திருக்கின்றது. தேடியவுடன் முதலில் வருவது உண்மையான தளம் என்று நம்புவது, சந்தையில் முதலில் கூவுபவன் யோக்கியன் என்று நம்புவதை ஒக்கும். இந்திய அரசாங்கத் தளத்தின் முகவரி ஜி-ஓ-வி என்னும் எழுத்துகள், ஒரு புள்ளி, பின்னர் ஐ-என் என்று முடியும். இந்த ஒன்றைக் கண்ணால் சரிபார்க்கத் தெரிந்தால் பாதி மோசம் ஒழிந்தது. கடப்பிதழின் நகல், பிறந்த நாள், தாயின் பெயர், வங்கி அட்டையின் எண் யாவற்றையும் முகந்தெரியாத ஒருவனிடம் ஒப்புவிப்பது, வீட்டுச் சாவியைச் சாலையில் வைத்துவிட்டு வருவதன்றி வேறென்ன?

நிற்க. இதிலே நம்முடைய குற்றமும் இல்லாமற் போகவில்லை. பயணத்திற்கு நாள் பார்க்கின்றோம். ராகுகாலம், எமகண்டம், சூலம் யாவும் பார்க்கின்றோம். போய்ச் சேரும் நாளுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்னும் விதியை மட்டும் பார்ப்பதில்லை. கடைசி நாளில் ஓடுகின்றோம். "இன்றே எடுத்துத் தருகிறேன்" என்பவன் காலில் விழுகின்றோம். பதற்றத்தில் இருப்பவனிடம் பேரம் பேச வலுவிருக்குமா? தரகனை வளர்ப்பது நம் அறியாமை மட்டுமன்று, நம் சோம்பலுமாகும்.

"எழுத்தறியாத கிழவர் என்ன செய்வார்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உதவி கூடாதென்று நாம் சொல்லவில்லை. கூலி இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி, ரசீது கொடுத்து, எழுதியதை வாசித்துக் காட்டி, ஒப்புதல் பெற்று அனுப்பும் பயண முகவர்களை நாம் குறை கூறவுமில்லை. அது தொழில். எழுதியதை மறைத்து, கட்டணத்தை மறைத்து, "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிப் பிழைப்பது தொழிலன்று, கங்காணித்தனம். மேலும், அக்கிழவர் வீட்டில் பேத்தி இல்லையா? அவள் கையில் கைப்பேசி இல்லையா? படமும் பாட்டும் பார்க்க வழியறிந்த விரலுக்கு ஒரு படிவத்தை நிரப்ப வழி தெரியாதென்பது நம்பத்தக்கதன்று. வீட்டில் எவரும் அவளிடம் கேட்கவில்லை, அதுவே உண்மை.

அரசாங்கங்களையும் நாம் கேட்கவேண்டியதுண்டு. இந்தியப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கின்றது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலும் மலாய்ப் பள்ளியிலும் பயின்றவருக்கு அந்த ஆங்கிலம் ஒரு வேலி. தமிழ் இந்திய அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்ற மொழி. சென்னைக்கும் திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் விமானமேறும் மலேசியத் தமிழர் பலர். அவர்களுக்காக ஒரு தமிழ் வழிகாட்டியை விண்ணப்பத்தின் அருகே வைப்பதற்குக் கோடிப் பணம் வேண்டுமா? கம்பன் மொழியென்றும் வள்ளுவன் மொழியென்றும் மேடையில் புகழ்வோர், அம்மொழியில் "கடப்பிதழ் எண்ணை இங்கே எழுதுக" என்று ஒரு வரி எழுதிவைத்தால் அதுவே பெரும்புகழ்.

இன்னுமொரு கூட்டத்தாரை நாம் மறக்கலாகாது. இந்நாட்டிலேயே ஆயுள் முழுதும் பால்வெட்டியும் குடியுரிமை பெறாமல் சிவப்பு அடையாள அட்டையோடு நிற்கும் முதியோர் நம் தோட்டங்களிலும் வீடமைப்புப் பகுதிகளிலும் இன்றும் உள்ளனர். குடியுரிமை இல்லாதவருக்கு மலேசியக் கடப்பிதழ் இல்லை. கடப்பிதழ் அல்லாத பயண ஆவணங்களுக்கு இந்தியாவின் இணைய விசா வழங்கப்படுவதில்லை. அவர்கள் வேறு பத்திரம் பெற்று, நேரில் சென்று விண்ணப்பிக்கவேண்டும். இதனை அறியாத முதியவளிடம் "எடுத்துத் தருகிறேன்" என்று பணம் வாங்குபவன் தரகனல்லன், பாதகன். தமக்கையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்மூட விரும்பும் அவளுக்குத் தேவையானது விசா மட்டுமன்று, குடியுரிமை. அவ்வழக்கை எடுத்துப் பேசுவது நம் தலைவர்களின் கடமை. மாலை வாங்க நேரமிருப்பவருக்கு மனு எழுத நேரமில்லாமற் போகாது.

ஆகவே செய்யவேண்டியது யாது? நெகிரி செம்பிலானில் அறுபதுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கோயில்களும் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் ஊர்தோறும் உண்டு. கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசை போடுங்கள். கணினி ஒன்று, படித்த பிள்ளைகள் இருவர். இதற்கு நன்கொடைச் சீட்டுப் புத்தகம் வேண்டுவதில்லை. விண்ணப்பதாரரே எழுதட்டும், பிள்ளைகள் பக்கத்தில் நின்று வழி சொல்லட்டும். எழுதத் தெரியாதவருக்கு ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டி எழுதட்டும். விண்ணப்ப எண்ணை அவரவர் கையிலேயே கொடுக்கட்டும். விசா அனுமதிக்கப்பட்டதா என்று தளத்தில் தாமே பார்க்கக் கற்பிக்கட்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், மடல் எழுதும் பாடத்தோடு படிவம் எழுதும் பாடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். "அன்புள்ள மாமாவுக்கு" என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, அந்த மாமாவைப் பார்க்கப் போகும் வழியும் எழுதத் தெரியட்டும்.

விசாப் படிவம் ஒன்றோடு இது முடிவதன்று. பிறப்புச் சான்றிதழ், கல்விக் கடன், சேமநிதி, அரசாங்க உதவித்தொகை என்று இனி வரும் காலமெல்லாம் படிவங்களின் காலம். ஒரு படிவத்தைத் தானே எழுதியவன் அடுத்த படிவத்திற்கு அஞ்சமாட்டான். ஒரு படிவத்திற்குத் தரகனைத் தேடியவன் ஒவ்வொன்றுக்கும் தேடுவான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய் அடுக்குமாடி வந்தது. கப்பல் போய் விமானம் வந்தது. கைரேகைப் புத்தி மட்டும் போகவில்லை.

தோட்டத் தோழர்களே, நகரத் தோழர்களே! ஊருக்குப் போகுங்கள், உறவினரைக் கண்டு வாருங்கள். போகுமுன் உங்கள் பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.