திரும்பி வந்தவருக்கு என்ன வேலை?

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் வாசிகளுக்குத் தாம்பரம் விமானப்படைத் தளம் என்றால் தலைக்கு மேல் வட்டமடிக்கும் பயிற்சி விமானங்களின் இரைச்சல்தான்; மாடி எழுப்பப் போனால் தடையில்லாச் சான்றுத் தொல்லையும் உண்டு. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இஸ்ரோவின் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரில் மூத்தவரான குரூப் கேப்டன் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அந்த மதிலுக்குள் 1954 முதல் இயங்கும் விமானப் பயிற்றுநர் பள்ளியில் படித்தவர். நால்வரில் இன்னொருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

நால்வருக்கும் உடுப்பு விமானப்படையுடையது, வேலை இஸ்ரோவுடையது. 2025 மே மாதம் ‘ஆபரேஷன் சிந்தூர்’ நடந்தபோது அஜித் கிருஷ்ணன் படைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். இதை அவரே மேடையில் சொன்னார். போர் வேளையில் அழைத்ததில் குற்றமில்லை. ஆனால் இவர்கள் யாருடைய ஆட்கள் என்ற கேள்விக்கு எழுத்தில் விடை இருக்க வேண்டும். விண்ணிலிருந்து திரும்பிய பிறகு அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும்.

ராகேஷ் சர்மாவையே பாருங்கள். 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11இல் புறப்பட்டு, எட்டு நாள்களுக்குச் சற்றுக் குறைவாக விண்ணில் இருந்தார். அசோக சக்கரம் கொடுத்தோம், மாலை போட்டோம். 1987இல் விங் கமாண்டராக ஓய்வுபெற்று, எச்.ஏ.எல். நிறுவனத்தில் சோதனை விமானியானார். மதிப்பான வேலைதான். ஆனால் அவருடைய விண்வெளி அனுபவத்தை வாங்கிக்கொள்ள இங்கே ஒரு மேசைகூட இல்லை. அவரோடு சேர்ந்து பயிற்சி பெற்ற மாற்று வீரர் ரவீஷ் மல்ஹோத்ரா கடைசிவரை விண்வெளிக்குப் போகவே இல்லை. அமெரிக்க விண்ணோடத்தில் செல்லத் தேர்வான இஸ்ரோவின் என்.சி. பட், பி. ராதாகிருஷ்ணன் இருவரின் வாய்ப்பும் 1986 ஜனவரியில் சேலஞ்சரோடு வெடித்துச் சிதறியது.

அன்று நம்மிடம் திட்டமே இல்லை என்று சமாதானம் சொல்லலாம். இன்று சொல்ல முடியாது. 2025 ஜூன் 25 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்துக்கான ஆக்ஸியம்-4 பயணத்தில் புறப்பட்ட சுபான்ஷு சுக்லா, நால்வரில் இளையவர். 1998இல் படையில் சேர்ந்த நாயர் மாற்று வீரராக நின்றார். பணிமூப்பு பார்த்தே பழகிய படையில் இது சிறிய செய்தியல்ல. தகுதி பார்த்தே தேர்ந்திருப்பார்கள், அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த அறிவிப்பில், ஒரு வாரியம் பரிந்துரைத்தது என்பதற்கு மேல் காரணம் ஏதுமில்லை. அளவுகோல் தெரியாத இடத்தில் அலுவலக வதந்தி தானாக முளைக்கும். நாளை பதவி உயர்வுக் குழுவின் முன் கோப்பு வரும்போது, படைப்பிரிவில் பறக்காத இந்த ஆண்டுகள் சாதகமா, பாதகமா? பறக்காமல் காத்திருந்தவருக்கு என்ன கணக்கு?

விண்வெளி வீரர்களுக்கென நிரந்தரப் பணிப்பிரிவு வேண்டும் என்பதே நம் நிலை. தேர்வு அளவுகோல், மாற்று வீரரின் பணிமூப்புப் பாதுகாப்பு, மறுபயணம், படையை விட்டு விலகும் வழி எல்லாம் அதன் விதிகளில் இருக்க வேண்டும்.

திரும்பி வந்தவருக்கு வேலை தேடி அலையவும் வேண்டியதில்லை. விண்கலத்தோடு தரையிலிருந்து பேசும் ‘கேப்காம்’ இருக்கையில் நாசா பெரும்பாலும் இன்னொரு விண்வெளி வீரரையே அமர்த்தி வந்திருக்கிறது. நமக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தாம்பரம் பள்ளி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்வது, நன்றாகப் பறப்பவரை நன்றாகக் கற்பிப்பவராக்குவதுதான். பிலாட்டஸ் விமானத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து, முன்னே மாணவர் தடுமாறும்போது எதுவரை விட்டுப்பிடிப்பது, எந்த நொடியில் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுப்பது என்பதை அங்கே தனிக் கலையாகவே பழக்குகிறார்கள். அதே ஏற்பாட்டை இஸ்ரோவின் விண்வெளி வீரர் பயிற்சிக்கும் கொண்டுவர வேண்டும். ரிப்பன் வெட்டும் அழைப்புகள் மாலையில் வரட்டும். பகலில் அடுத்த அணிக்கு வகுப்பு எடுக்கட்டும்.

மனிதரோடு ககன்யான் பறப்பது 2027இல் என்கிறது இஸ்ரோ. குழுவின் பெயர்கள் வெளிவந்த பிறகு விதி எழுதினால், அது யாரோ ஒருவருக்காக எழுதியது என்ற பேச்சு எழும். ஆகவே முதலில் விதிகள் அரசிதழில் வரட்டும், பெயர்கள் அதன் பிறகு.