பைக்காராவில் ஒரு விண்ணப்பம்

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் ரஸ்தாவில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் பைக்காரா வரும். அங்கே படகுத் துறைக்குப் போகிறவர்கள் படகில் ஏறுவார்கள். நீர்வீழ்ச்சிக்குப் போகிறவர்கள் போட்டோ எடுத்துக் கொள்வார்கள். நான் இரண்டும் செய்யவில்லை. மூடுபனி அப்படி! பத்தடி தூரத்தில் நிற்கிற மாடு கூடத் தெரியவில்லை. ஆகவே, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குச் சூடு வேண்டி இரண்டாவது டீயும் வாங்கிக் கொண்டேன்.

பக்கத்து பெஞ்சில் ஓர் அம்மாள். பக்கத்தில் அவளுடைய மகன். இருபத்து நான்கு வயதிருக்கும். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் சான்றிதழ்கள், மேலே ஓர் அச்சடித்த தாள். நான் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதுவதைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள், "ஐயா, எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கீங்க. இவனுக்கு இந்த பாரத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

வாசகர்களே, பத்திரிகைக்காரனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை ஏது? தாளை வாங்கிப் பார்த்தேன்.

பையன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன். டெரிடோரியல் ஆர்மி என்கிற பிரதேச ராணுவத்தில் "டெக்னிகல் உத்தியோகம், நிரந்தரம், முழு நேரம், பென்ஷன் உண்டு" என்று யாரோ ஒரு மனிதர் சொல்லியிருக்கிறார். இடம் பிடித்துத் தருவதற்கு ஒரு தொகையும் கேட்டிருக்கிறார். அந்தத் தொகையின் முதல் தவணைதான் அம்மாளின் சுருக்குப் பையில் இரண்டு வளையல்களாக இருந்தது. மறுநாள் கூடலூரில் அடகு வைப்பதாக ஏற்பாடு.

"தம்பி, பிரதேச ராணுவம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மிலிட்டரிதானே, சார்?"

மிலிட்டரிதான். ஆனால் அந்த "தானே"யில்தான் விஷயமே இருக்கிறது. நம் வாசகர் வீடுகளிலும் இந்தச் சந்தேகம் இருக்கக் கூடுமாகையால், அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நீலகிரிக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவு பழையது. வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரியும் அங்கேதான். அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. இவை போதாவென்று, வெள்ளைக்காரர் காலத்தில் இந்த மலையிலேயே ஒரு "அரை நேரப்" பட்டாளமும் இருந்தது. நீலகிரி வாலண்டியர் ரைபிள்ஸ் என்று பெயர். தோட்டத் துரைமார்கள் வாரநாட்களில் தேயிலையைக் கவனிப்பார்கள்; மற்ற வேளையில் துப்பாக்கி சுட்டுப் பழகுவார்கள். பிற்பாடு இத்தகைய படைகள் துணைப் படை என்ற பெயரில் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் உரியவையாக நீடித்தன. இந்தியர்களுக்கென்று 1920-ல் தனிச் சட்டம் போட்டு, தனியாக ஒரு பிரதேசப் படை அமைத்தார்கள். அரை நேரச் சிப்பாய்க்குக்கூட நிறம் பார்த்த காலம் அது!

சுதந்திரம் வந்தபின் 1948-ல் பிரதேச ராணுவச் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9-ந் தேதி அந்தப் படையை முறைப்படி தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜிதான். இன்று மதராஸ் ரெஜிமெண்டோடு இணைந்த அத்தகைய பட்டாளம் ஒன்று, 110-வது காலாட்படைப் பட்டாளம், மலைக்குக் கீழே கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. 2024 நவம்பரில் கோயம்புத்தூரில் ஆள் எடுத்தபோது பல மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான வாலிபர்கள் வந்து குவிந்தார்கள். பைக்காராவில் 1930-களின் ஆரம்பத்தில் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கியபோது அது மலையிறங்கிப் போய்க் கோயம்புத்தூர் ஆலைகளை ஓட்டியது. இப்போது அதே வழியில் பிள்ளைகள் வேலைக்கு இறங்கிப் போகிறார்கள்.

இருக்கட்டும். பிரதேச ராணுவத்தின் அடிப்படைக் கருத்து என்ன? ஏற்கனவே ஒரு ஜீவனோபாயம் உள்ளவன், அதை விடாமலே, ஆண்டில் கொஞ்ச நாள் சிப்பாயாகப் பழகவேண்டும்; நாட்டுக்கு ஆபத்து வந்தால் ஓடிவரவேண்டும்; ஆபத்து தீர்ந்தால் தன் தொழிலுக்குத் திரும்பவேண்டும். வயது 18 முதல் 42 வரை. சேர்ந்ததும் சுமார் ஒரு மாதம் ஆரம்பப் பயிற்சி; பிறகு பொதுவாக ஆண்டுக்கு இரண்டு மாதம். பயிற்சியில் இருக்கும் நாட்களுக்கும், அரசாங்கம் பணிக்கு அழைத்துக்கொண்ட நாட்களுக்கும் நிரந்தர ராணுவத்தாருக்கு உள்ளபடியே சம்பளம். மற்ற நாட்களுக்கு? ஒன்றுமில்லை.

"ஒண்ணுமே இல்லீங்களா?" என்று அம்மாள் கேட்டாள்.

"இல்லை, அம்மா. அதனால்தான் முதலில் சொந்தத் தொழில் வேண்டும் என்கிறார்கள்."

தொழில் உள்ளவனுக்குச் சட்டம் ஒரு பாதுகாப்பும் தருகிறது. அழைப்பு வந்து பணிக்குப் போனவன் திரும்பி வந்தால், முதலாளி அவனைப் பழைய வேலையில் மறுபடி சேர்த்துக் கொள்ளவேண்டும். முடியாதென்றால் ஆறு மாதச் சம்பளம் வரை ஈடு கொடுக்கும்படி உத்தரவிடவும் இடமுண்டு. வேலையே இல்லாதவனுக்கு இந்தப் பாதுகாப்பினால் என்ன பயன்? குடை பிடிக்கக் கை வேண்டுமே!

பென்ஷனும் பொய்யல்ல. ஆனால் அதற்குச் சாதாரணச் சிப்பாய் 15 ஆண்டுகள், அதிகாரி 20 ஆண்டுகள் பணியில் இருந்திருக்க வேண்டும். காலண்டரில் கிழிக்கிற ஆண்டுகள் அல்ல. அழைக்கப்பட்டுப் பணியாற்றிய நாட்களைக் கூட்டி வருகிற ஆண்டுகள். சில பட்டாளங்களை எல்லைப்புறங்களில் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து வைத்திருப்பதுண்டு. அப்போது அது முழு நேர வேலை போலவே தோன்றும். ஊரில் பெண் கொடுப்பவர்கள்கூட அப்படியே நினைப்பார்கள். ஆனால் தேவை தீர்ந்தது என்று ஓர் உத்தரவு வந்தால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். மறுபடி எப்போது அழைப்பு வரும் என்பது நம் கையில் இல்லை. 2025 மே மாதத்தில் பாகிஸ்தானுடன் மோதல் மூண்டபோது, பிரதேச ராணுவத்தாரை வேண்டியபடி அழைத்துக்கொள்ள ராணுவத் தலைமைத் தளபதிக்கு அரசாங்கம் அதிகாரம் கொடுத்தது நினைவிருக்கும். அழைப்பு அப்படித்தான் வரும். நம் வீட்டுக் கல்யாணத்தையும் மகசூலையும் கேட்டுக்கொண்டு வராது.

அப்படியானால் பிரதேசப் பட்டாளத்தில் முழு நேரமாக இருப்பவர்களே கிடையாதா? உண்டு. ஆபீஸையும் ஆயுதங்களையும் பயிற்சியையும் கவனிக்க ஒரு சிறு நிரந்தரக் கூட்டம் இருக்கும். ஆனால் அவர்கள் நிரந்தர ராணுவத்திலிருந்து அங்கே அனுப்பப்படுகிறவர்கள். வெளியிலிருந்து அந்த இடத்துக்கு நேரே மனுப்போட வழியில்லை. அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே நேஷனல் கார்டு படையில் 'டெக்னீஷியன்' என்று ஒரு வகை உண்டு. 1968-ல் அதற்கென்று சட்டமே செய்தார்கள். வாரநாட்களில் அரசாங்க ஊழியராக அந்தப் படையின் விமானத்தையும் வண்டியையும் பழுது பார்ப்பார்கள். பயிற்சி நாட்களில் அதே படையில் சிப்பாய்களாக நிற்பார்கள். படையில் அங்கத்தினராக இல்லாவிட்டால் அந்த உத்தியோகமும் இல்லை. பையனிடம் அந்த மனிதர் விற்கப் பார்த்த சரக்கு ஏறக்குறைய இதுதான். ஆனால் அந்தக் கடை நம் ஊரில் இல்லை!

நம் நாட்டில் அதற்குக் கிட்டத்தட்ட வருவது இலாகாப் படைகள். ரயில்வேயிலும் எண்ணெய்க் கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் ஊழியர்களைக் கொண்டே அமைத்த பிரதேச ராணுவப் பிரிவுகள் அவை. யுத்த காலத்திலும் நெருக்கடியிலும் ரயிலும் எண்ணெயும் நிற்கக் கூடாது என்பது நோக்கம். இங்கே தொழில்நுட்பம் தெரிந்தவனுக்கு நிச்சயம் மதிப்புண்டு. ஆனால் முதலில் ரயில்வேக்காரனாக வேண்டும், அப்புறம்தான் சிப்பாய். அந்த ரயில்வேப் பிரிவுகளும் சுருங்கிவிட்டன. இருந்த ஆறில் ஐந்தைக் கலைத்து, ஜமால்பூரில் உள்ள ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதென்று 2021-ல் தீர்மானமாயிற்று.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பையன் சும்மா இருந்தான். பிறகு, "அப்ப என் எலக்ட்ரீஷியன் சர்ட்டிபிகேட்டுக்கு மிலிட்டரியில வழியே இல்லையா, சார்?" என்றான்.

வழி இருந்தது, சற்று முன்பே. 2022 முதல் நடக்கும் அக்னிவீர் திட்டத்தில் 'டெக்னிகல்' என்றே ஒரு பிரிவு உண்டு. விஞ்ஞானப் பாடங்களோடு பன்னிரண்டாவது தேறியவர்களுக்கு அது. 2023-லிருந்து சில தொழில்களில் ஐ.டி.ஐ. முடித்தவர்களையும் சேர்த்துக் கொண்டார்கள். முழு நேர வேலைதான். ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு. அதன் பின் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரமாக எடுத்துக் கொள்வார்கள். பதினேழரை வயதில் திறக்கும் அந்தக் கதவு இருபதுகளின் ஆரம்பத்திலேயே சாத்திக் கொண்டு விடுகிறது. நம் பையன் இருபத்து நான்கில் தட்டுகிறான். வீட்டில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை உள்ளவர்கள் இதை இன்றைக்கே கவனித்துக் கொள்ளுங்கள்.

ஆகவே அவனுக்கு நான் சொன்னது இதுதான்: கைத்தொழிலை முதலில் வேலையாக்கு. அருவங்காடு தொழிற்சாலையின் அப்ரண்டிஸ் விளம்பரத்தைப் பார், மின்வாரிய விளம்பரத்தைப் பார், ரயில்வேயைப் பார். ஏதாவது ஒன்றில் காலூன்றிவிட்டால், நாற்பத்திரண்டு வயது வரை பிரதேச ராணுவத்தின் கதவு உனக்குத் திறந்தே இருக்கும். அப்போது போனால் அது உனக்கும் நாட்டுக்கும் பெருமை. வேலைக்கு மாற்றாக நினைத்துப் போனால் இரண்டிலும் ஏமாற்றம்.

பெண்கள் சேரலாமா என்று கேட்கும் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. முன்பு இடமில்லாதிருந்தது. பெண்களும் தகுதியுள்ளவர்களே என்று டில்லி உயர் நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. அதன் பின் பட்டதாரிப் பெண்கள் அதிகாரிகளாகச் சேர்ந்திருக்கிறார்கள்.

மனுப் போடுகிறவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் தகப்பனார் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கட்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் முன்கூட்டியே திருத்திக் கொள்ளுங்கள். கண், காது, பல் மூன்றையும் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சிப்பாய்த் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு; ஏழாயிரம் அடிக்குச் சற்றேறக்குறைய உள்ள பைக்காராவில் ஓடிப் பழகியவன் கீழே போய் ஓடினால் மூச்சு நன்றாகவே ஒத்துழைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ராணுவத்தில் சேர யாருக்கும் பணம் தரவேண்டியதில்லை. ஓட்டத்தில் ஓடப்போவது பிள்ளையின் கால். பரீட்சை எழுதப் போவது பிள்ளையின் கை. நடுவில் இருப்பவர் இதில் எதைச் செய்து தரப் போகிறார்?

அந்த அம்மாள் கடைசிக் கேள்வியை மட்டும் இரண்டு முறை கேட்டுக் கொண்டாள். பிறகு சொன்னாள்: "எங்க மாமனார் சிலோன்ல இருந்து வந்தவரு. அங்க ஒண்ணும் நிரந்தரமில்ல, இங்க வந்தா நிரந்தரம்னு சொன்னாங்களாம். அதனால, யாராவது நிரந்தரம்னு சொன்னா எங்களுக்கு உடனே மனசு போயிடுது, ஐயா."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? தாளை மறுபடி பார்த்தேன். அதில் 'தற்போதைய தொழில்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"ஏன் தம்பி, இதை எழுதவில்லை? இப்போது என்ன செய்கிறாய்?"

"வேலை ஒண்ணும் இல்ல, சார். சும்மா டீ பாக்டரியில மோட்டார் ரிப்பேர் ஆனா கூப்பிடுவாங்க. காயில் கட்டிக் கொடுப்பேன். தினக்கூலிதான்."

"எத்தனை நாளாக?"

"மூணு வருஷமா, சார்."

மூன்று வருஷம் மோட்டார் கட்டுகிறவன் வேலை இல்லை என்கிறான்! அந்தத் தாளை மடித்து அவனிடமே கொடுத்தேன். "இதைப் போடாதே. அடுத்த விளம்பரத்துக்கு மனுப் போடும்போது இந்தக் கட்டத்தில் 'மோட்டார் ரிப்பேர், மூன்று வருஷ அனுபவம்' என்று எழுது. பாக்டரியில் ஓர் அனுபவச் சீட்டும் கேட்டு வாங்கு" என்றேன்.

கூடலூர் பஸ் பனிக்குள்ளிருந்து விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. பையன் எழுந்தான். அம்மாள் எழவில்லை. சுருக்குப் பையை அவிழ்த்து வளையல்கள் இரண்டையும் எடுத்துக் கையில் போட்டுக்கொண்டாள். அப்புறம், "கூடலூர் வேண்டாம். நடுவட்டத்துலயே இறங்கி, பாக்டரிக்காரங்களைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போவோம்" என்றாள் மகனிடம்.

என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். நான் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை.